சுகம் விசாரித்தலும் விசாரணையும்: மருத்துவ மாணவர்கள் முன் நோயாளியாக நடித்த அனுபவத்திலிருந்து

'விசாரித்தல்' என்ற சொல்லுக்கு எங்களிடம் இரண்டு பொருள் உண்டு. அயலில் ஒருவர் காய்ச்சலாகக் கிடந்தால் சுகம் விசாரிக்கப் போவோம். அதே அயலில் இன்னொருவருக்கு நாலாம் மாடியிலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும். வடக்கு கிழக்கில் போருக்குள் வாழ்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது பொருள்தான் கூடுதலாகப் பழகிப்போனது. 2009இல் ஓமந்தையில் கேட்டார்கள். மெனிக் பாமில் கேட்டார்கள். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2010இலும் 2011இலும் ஊர் ஊராக வந்து கேட்டது. 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு அதே ஆட்களிடம் அதே கேள்விகளைக் கேட்டது. 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போனோர் பற்றிய அலுவலகமும் கேட்டது. இடையிடையே தொண்டு நிறுவனங்கள், ஆய்வு மாணவர்கள், என்னைப் போன்ற ஊடகவியலாளர்கள். கடைசியாக எங்கே கண்டீர்கள், யாரிடம் ஒப்படைத்தீர்கள், சாட்சி இருக்கிறதா? வந்தவர்கள் எல்லோரும் எழுதிக்கொண்டு போனார்கள்.

இப்படிக் கேள்விகளால் களைத்துப்போன மக்கள் உடம்புக்கு முடியாமல் வைத்தியசாலைக்குப் போனால், அங்கும் முதலில் எதிர்கொள்வது மேசையும் பேனையும் கேள்விகளும்தான். மருந்துத் தட்டுப்பாடு பற்றி எழுதுகிறோம். வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போவது பற்றி எழுதுகிறோம். இருக்கின்ற வைத்தியர் எங்களிடம் எப்படிக் கேள்வி கேட்கிறார், அதை அவர் எங்கே, யாரை வைத்துப் பழகினார் என்பது பற்றி நான் எழுதியதுமில்லை, அதிகம் வாசித்ததுமில்லை.

தமிழ் பேசும் மாகாணங்களில் இயங்கும் மருத்துவ பீடம் ஒன்றின் விரிவுரையாளர்கள் சிலர், மாணவர்களுக்கு நோயாளியுடன் உரையாடப் பழக்கும் அமர்வுகளுக்குத் தொண்டர்களைத் தேடினார்கள். நோயாளியாக நடிக்க வேண்டும். சம்பளம் இல்லை, பஸ் காசும் தேத்தண்ணீரும் உண்டு. தெரிந்த ஒருவர் சொல்லிப் போனேன். அப்படி நான்கு அமர்வுகளில் நோயாளியாக இருந்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த நிறுவனத்தைப் பற்றியது இல்லை என்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் வைத்தியராக இருந்த ஹவார்ட் பரோஸ் 1963இல் இதைத் தொடங்கினார். உடல் நலமுள்ள ஒருவருக்கு ஒரு நோயின் கதையையும் அறிகுறிகளையும் பழக்கி மாணவர்கள் முன் இருத்தினார். சக வைத்தியர்கள் பலர் இதை ஹொலிவுட் கூத்து என்று ஏளனம் செய்தார்கள். 1970களில் அரிசோனாவில் குழந்தை வைத்தியர் போலா ஸ்டில்மன் நோயுற்ற பிள்ளைகளின் தாய்மாராக நடிப்பவர்களைப் பழக்கினார். மாணவர் கேட்ட விதத்துக்கு அந்தத் 'தாய்'மாரே புள்ளி போட்டார்கள். 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய, மேசை மேசையாக மாறிச்செல்லும் செய்முறைப் பரீட்சை இன்று உலகம் முழுவதும் நடக்கிறது. இலங்கையின் மருத்துவ மாணவர்களுக்கு ஓ.எஸ்.சி.ஈ. என்ற பெயர் நன்றாகத் தெரியும்.

எனக்குத் தரப்பட்ட பாத்திரம் இதுதான். வயது 39. முல்லைத்தீவு மாவட்டம். ஆறு மாதமாக நெஞ்சு இறுக்கம், நித்திரை இல்லை, இடது தோளில் நோ. இரண்டு தடவை கிளினிக்குக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, பிழையில்லை என்று சொல்லிப் பனடோல் தந்து அனுப்பினார்கள். இவ்வளவும் கேட்காமலே சொல்லலாம். அதற்குக் கீழே 'கேட்டால் மட்டும்' என்று ஒரு பகுதி. தோளில் செல் துண்டு ஒன்று இருக்கிறது. பழைய காயம், சத்திரசிகிச்சை பற்றிக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். கணவர் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர். கணவரைப் பற்றிக் கேட்டால் முதலில் 'அவர் இல்லை' என்று மட்டும் சொல்ல வேண்டும். மாணவர் அந்த இடத்தில் நின்று, அவசரப்படாமல் மறுபடியும் கேட்டால் மாத்திரம் மிச்சத்தைச் சொல்லலாம். ஒரு நிபந்தனையும் இருந்தது: சொந்தக் கதையைக் கலக்கக் கூடாது. வன்னியில் இடம்பெயர்ந்து வாழ்ந்த எவருக்கும் அது சொல்வதுபோல் இலகுவானதல்ல.

நெஞ்சு நோவுக்கும் கணவரின் தொழிலுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்கலாம். 'சமூகப் பின்னணி' என்று ஒரு பகுதியை எல்லா மருத்துவ மாணவர்களும் கட்டாயம் கேட்டு எழுத வேண்டும். திருமணமானவரா, பிள்ளைகள் எத்தனை, கணவர் என்ன வேலை, வீட்டில் யார் யார்? உலகின் எந்த மருத்துவக் கல்லூரியிலும் இவை சாதுவான கேள்விகள். முல்லைத்தீவில் சாதுவானவை அல்ல.

"உங்கட அவர் என்ன செய்யிறார் அக்கா?"

"அவர் இல்லை."

'இல்லை' என்ற சொல்லை இவ்வளவு உன்னிப்பாக நான் முன்னர் கவனித்ததில்லை. வேலைக்குப் போயிருந்தாலும் அவர் இல்லை. விட்டுவிட்டுப் போனாலும் இல்லை. செத்தாலும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி பதினைந்து வருடத்துக்கும் மேலாக இந்த ஒரு சொல்லுக்குள்தான் ஒதுங்கி நிற்கிறார். ஒரு மாணவர் "வெளிநாடோ?" என்று கேட்டார். அவருடைய ஊரில் அப்படித்தான் இருக்கும்போலும். ஒரு மாணவி குரலைத் தாழ்த்தி, "எப்ப அக்கா மோசம் போனவர்?" என்றார். மிகவும் அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியோடு என் பாத்திரத்தின் கணவரை அவர் சாக வைத்துவிட்டார். அரசாங்கமும் இதைத்தான் செய்தது. மரணச் சான்றிதழை எடுங்கள், நட்டஈடு தருகிறோம் என்று வருடக்கணக்காகச் சொன்னது. 2016இல் சட்டத்தைத் திருத்திக் காணாமல் போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்த பிறகும் அதையும் வேண்டாமென்று பல குடும்பங்கள் மறுத்தன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி வீதியோரக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்த தாய்மாரும் மனைவிமாரும் கேட்டது ஒரு பதிலைத்தான். அவர்களில் பலர் அந்தப் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அந்தப் பெண்களில் ஒருவர் கிளினிக்குக்கு வந்து இருக்கும்போது, "எப்ப மோசம் போனவர்" என்று நல்லெண்ணத்தோடு கேட்டாலும் அது இன்னொரு மரணச் சான்றிதழ்தான்.

வேறொரு மாணவர் "இல்லை" என்றதை எழுதிக்கொண்டு, "சரி, சிகரெட், மதுபானம் பாவிக்கிறனீங்களோ?" என்று அடுத்த கேள்விக்குப் போனார். அவருடைய கையிலிருந்த பட்டியலில் அடுத்தது அதுதான்.

அன்று அந்த இடத்தில் நின்று கேட்டவர் ஒரு சிங்கள மாணவர். விடுதி நண்பர்களிடம் பழகிய தமிழ். "அவர் இல்லை" என்றதும் பேனையை வைத்துவிட்டுச் சற்று யோசித்தார். "இல்லை எண்டா... எப்பிடி அம்மா இல்லை?" என்று கேட்டார். என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவருக்குத் தெரிந்த மரியாதைச் சொல் அம்மா ஒன்றுதான். சொல் விளங்காமல் கேட்டாரா, விளங்கித்தான் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. பாத்திரத்தின் மிச்சக் கதையை அவரிடம் சொன்னேன். மற்றவர்கள் 'இல்லை' என்ற சொல்லின் பொருள் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்தபடியால்தான் கேட்கவில்லை.

ஒவ்வோர் உரையாடலும் பத்து நிமிடம். அது முடிந்ததும் நடிப்பை விட்டு வெளியே வந்து, நோயாளியாக இருந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை மாணவரிடமே சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாட்டில் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, ஒருவர் பின் ஒருவராக அதே கதையைக் கேட்டு, வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டுப் போகும்போது, எந்த நோயாளியும் "தம்பி, நீங்கள் கேட்ட விதம் எனக்கு நொந்தது" என்று சொல்வதில்லை. காசில்லாமல் வைத்தியம் பார்க்கிறார்கள், நாங்கள் என்ன சொல்வது என்று பொறுத்துக்கொள்வார்கள். மாணவருக்கோ தான் நோகடித்தது தெரியவே வராது. அதே பழக்கத்தோடு அவர் நிபுணராகவும் வந்துவிடுவார்.

எங்களுடைய மக்களுக்கு வைத்தியர் மீது இருப்பது வெறும் பயமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2009இல் புதுக்குடியிருப்பிலும் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடக் கட்டடங்களையும் கொட்டில்களையும் வைத்தியசாலையாக்கி, மயக்க மருந்துகூட இல்லாமல் உயிர்களைக் காப்பாற்றிய சில வைத்தியர்களை இந்த மக்கள் மறக்கவில்லை. அந்த வைத்தியர்கள் பின்னர் தடுத்து வைக்கப்பட்டு, யூலை மாதம் ஊடகவியலாளர்கள் முன் கொண்டுவரப்பட்டு, முன்னர் சொன்னவற்றை மறுத்துப் பேசியதையும் மறக்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கண்டால் கதிரையில் இருந்தவர் எழும்பி நிற்பதில் அந்த நன்றியும் கலந்திருக்கிறது. நன்றியுள்ள நோயாளி குறை சொல்ல மாட்டார்.

இது நடிப்புக்குள்ளும் வந்துவிட்டது. என்னோடு தொண்டராக வந்த ஓய்வுபெற்ற தபால் அலுவலர் ஒருவர் சலரோக நோயாளியாக அற்புதமாக நடித்தார். மாணவர் அவரைப் போட்டு அதட்டு அதட்டென்று அதட்டினார். "சீனி குடிக்க வேண்டாமெண்டு சொன்னா விளங்காதோ?" பத்து நிமிடம் முடிந்தது. எப்படி இருந்தது என்று விரிவுரையாளர் கேட்டார். "தம்பி நல்லாத்தான் கேட்டவர், எல்லாம் எங்கட நன்மைக்குத்தானே" என்றார் தபால் ஐயா. நான்கு தடவை கேட்ட பிறகுதான், "கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சிருக்கலாம்" என்று வந்தது. நடிக்கப் பழக்குவது சுகம், குறை சொல்லப் பழக்குவதுதான் கஷ்டம் என்று அந்த விரிவுரையாளர் பிறகு என்னிடம் சொன்னார்.

இப்போது மொழிக்கு வருகிறேன். இலங்கையில் மருத்துவப் படிப்பு ஆங்கிலத்தில். அனுமதி திறமை அடிப்படையிலும் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுவதால் எந்த மருத்துவ பீடத்திலும் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர்கள் இருப்பார்கள். தமிழ் பேசும் மாகாணங்களில் படிக்கும் சிங்கள மாணவர் நோயைப் புத்தகத்தில் ஆங்கிலத்திலும், மனதுக்குள் சிங்களத்திலும், கட்டிலில் தமிழிலும் சந்திக்கிறார். பட்டம் பெற்ற பின் தமிழ் தெரியாத வைத்தியர்களும் இங்கே நியமனம் பெற்று வருகிறார்கள். அப்போது தாதியோ சிற்றூழியரோ பக்கத்துக் கட்டில்காரரோ மொழிபெயர்ப்பார். பெண்ணுக்கு வரும் வருத்தத்தை அவளுடைய பத்து வயது மகன் மொழிபெயர்த்ததை நான் கண்டிருக்கிறேன். தமிழ் 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தோடு அரசகரும மொழியானது. அரச ஊழியர்கள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007இல் சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கைப்படி பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவருக்கும் "நெஞ்சு பிரட்டுது" என்றால் விளங்கும் என்று சொல்ல முடியாது.

எங்களுடைய நோயின் சொற்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. நோகுது, உளையுது, குத்துது, எரியுது, விறைக்குது ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு. உளைவையும் குத்தையும் ஒரே 'வலி'யாக எழுதினால் வைத்தியருக்குப் பாதித் தகவல் போய்விடும். முட்டு என்றால் இளைப்பு. சத்தி என்றால் வாந்தி. இவற்றையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். கடினமானவை வேறு. "ஒரே யோசனை" என்று வன்னியில் ஒரு பெண் சொன்னால் அவர் திட்டம் போடுகிறார் என்று பொருளில்லை. போனதையே திரும்பத் திரும்ப நினைத்து நித்திரையின்றிக் கிடக்கிறார் என்று பொருள். "பெருமூச்சு வருது" என்பதை மூச்சுத்திணறல் என்று எழுதி நெஞ்சுப் படம் எடுக்க அனுப்பினால் படம் சுத்தமாகத்தான் வரும். பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றிய யாழ்ப்பாணத்து உளமருத்துவர்களும் எண்பதுகளின் இறுதியிலிருந்து இதைச் சொல்லி வருகிறார்கள். எங்களுடைய மக்கள் மனக்காயத்தை உடம்பின் மொழியில்தான் சொல்வார்கள், அந்த மொழி தெரியாதவருக்கு அது வெறும் தலையிடியாகவும் உடம்பு நோவாகவுமே தெரியும்.

இந்த மொழிச்சிக்கல் சிங்கள மாணவருக்கு மட்டுமென்று நினைத்தால் அது தவறு. தனியார் கல்வி நிலையங்களிலேயே இளமையைக் கழித்து வந்த யாழ்ப்பாண நகரத்து மாணவருக்கும் "யோசனை" என்றால் ஐடியாதான். மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறிய குடும்பங்களின் பேச்சு அவருக்குச் சிங்களம் அளவுக்கு அந்நியம். என் உச்சரிப்பைப் புரியாமல் "பர்டன்?" என்று கேட்டவரும் தமிழ் மாணவர்தான்.

இங்கே ஒரு முரண்நகை இருக்கிறது. பிரித்தானியாவில் வேலை செய்ய விரும்பும் வெளிநாட்டு வைத்தியர்கள் 'பிளாப்' என்ற பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதன் இரண்டாம் பகுதி மான்செஸ்டரில் நடக்கிறது. ஒவ்வொரு மேசையிலும் எட்டு நிமிடம். பல மேசைகளில் எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பவர். கெட்ட செய்தியை எப்படிச் சொல்கிறார், கோபப்படும் உறவினரை எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்ப்பார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையை விட்டுப்போன நூற்றுக்கணக்கான வைத்தியர்களில் பலர் இந்தப் பரீட்சைக்காகப் பணம் கட்டி மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர்கள். லிவர்பூலில் இருக்கும் ஒரு மூதாட்டியிடம் அவருடைய மொழியில் கனிவாகப் பேசத் தெரியும் என்று நிரூபித்துவிட்டுத்தான் இலங்கை வைத்தியர் அங்கே நோயாளியைத் தொடலாம். மாங்குளத்து மூதாட்டியிடம் அவருடைய மொழியில் பேசத் தெரியுமா என்று அதே அளவு கண்டிப்போடு எவரும் சோதிப்பதில்லை. போகின்றவர்களை நான் குறை சொல்லவில்லை. சம்பளத்தையும் விலைவாசியையும் பார்த்தால் யாரும் போவார்கள். அங்கே நோயாளிக்கு இருக்கும் அந்த மதிப்பைத்தான் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் எங்களிடம் காசு எங்கே என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கக் கதை ஓரளவு பதிலாகும். அங்கே வைத்திய அனுமதிப் பரீட்சையின் ஒரு பகுதியாக 2004 முதல் நடிப்பு நோயாளிகளை வைத்து நாடு தழுவிய சோதனை நடந்தது. கட்டணம் ஆயிரம் டொலருக்கு மேல். குறிப்பிட்ட சில நகரங்களுக்குப் பயணம் செய்ய வேண்டும். கொரோனாவோடு நின்றது, 2021இல் முற்றாகக் கைவிட்டுவிட்டார்கள். பெரும் செலவில் நடந்தது அந்தப் பரீட்சைதான். பழகுவதற்கு ஒரு அறை, இரண்டு கதிரை, ஒரு கடதாசி, பொறுமையான ஒரு விரிவுரையாளர் போதும்.

ஆட்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் நாடகமும் அரங்கியலும் படித்து வெளியேறுபவர்கள் வேலையில்லாப் பட்டதாரிகளாகப் போராட்டங்களில் இருக்கிறார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களிலும் மருத்துவம் படிப்பிக்கும் பீடமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து அரங்குக்கோ மக்களின் காயத்தோடு நேரடியாகப் பேசிய மரபு இருக்கிறது. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகப் போனபோது பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அந்த அரங்கில் வளர்ந்தவர்கள் போரின் பின்னர் ஆற்றுப்படுத்தல் வேலைகளில் ஈடுபட்டார்கள். அரங்கியல் பட்டதாரி ஒருவரும் மருத்துவ மாணவர் ஒருவரும் ஒரே மேசையில் இருப்பதற்கு ஜெனீவாவின் தீர்மானம் தேவையில்லை.

ஆனால் சில விடயங்களில் கவனமாக இருக்க வேண்டும். நான் கலந்துகொண்ட அமர்வுகளிலும் இவை முழுமையாகத் தீர்ந்திருக்கவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயையே அழைத்து அந்தத் தாயாக நடிக்க வைக்கக் கூடாது. நல்லெண்ணத்தில் ஒருவர் அப்படியொரு யோசனையை முன்வைத்தார். 'அசலாக இருக்கும்' என்றார். அசலாகத்தான் இருக்கும். ஒரு பிற்பகலில் எட்டு மாணவர்களுக்கு எட்டுத் தடவை மகனைப் பறிகொடுக்க வேண்டியிருக்கும். பாத்திரத்தை எழுதும்போது அந்தத் தாய்மாரிடம் கேட்க வேண்டும். எந்தக் கேள்வி நோகும், எந்தச் சொல் வேண்டாம் என்பதை அவர்களைவிடத் தெரிந்தவர் இல்லை. அதற்காக அவர்களைக் கதிரையில் இருத்தக் கூடாது. எனக்குத் தந்த கடதாசியின் முதல் வடிவத்தில் 'விதவை' என்றுதான் இருந்தது. சங்கமொன்றில் வேலை செய்யும் பெண் ஒருவர் அதை வாசித்துவிட்டு வெட்டியதாகச் சொன்னார்கள்.

இன்னொன்று, அக்கறையையும் பாடமாக்கிவிடுவது. மாணவர்களின் புள்ளித்தாளில் 'பரிவு காட்டினார்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்புவதற்காகச் சிலர், "உங்கட உணர்வுகள் எனக்கு விளங்குது" என்று ஆங்கில வசனத்தைத் தமிழாக்கி ஒப்புவிக்கிறார்கள். தமிழில் யாரும் யாருக்கும் அப்படிச் சொல்வதில்லை. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எங்களிடம் பரிவு வேறுவிதமாக வரும். கதிரையை இழுத்துப் போடுவதில் வரும். ஒரு "ம்ம்" இல் வரும். ஒரு மாணவி எல்லாக் கேள்விகளையும் தடுமாறித்தான் கேட்டார். ஆனால் நடுவில், "முல்லைத்தீவிலயிருந்து எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள் அக்கா? சாப்பிட்டனீங்களோ?" என்றார். புள்ளித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை. நான் பின்னூட்டத்தில் அதை முதலாவதாகச் சொன்னேன்.

கேட்கத் தேவையில்லாத கேள்விகளும் இருக்கின்றன. இன்னொரு தொண்டருக்குக் கிடைத்த பாத்திரம் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் கால் உரசி மிச்சக் காலில் புண். மாணவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "எப்பிடிக் கால் போனது?" மிதிவெடியா, செல்லா, சண்டையா? புனர்வாழ்வு பெற்று வந்த ஒருவருக்கு இது ஆபத்தான கேள்வி. பதிலை எழுதிய கிளினிக் கொப்பியை யார் யார் வாசிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பொய் சொல்வார், அல்லது அடுத்த முறை வர மாட்டார். புண்ணுக்கு மருந்து கட்ட அந்தப் பதில் அவசியமில்லை. சலரோகம் இருக்கிறதா, கால் எப்போது பொருத்தியது, எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பவைதான் அவசியம். காயத்தின் வரலாறு எப்போது தேவை, எப்போது வெறும் ஆவல் என்று பிரித்துப் பார்க்க இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

மறுபுறம், கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விடுகிறார்கள். என் தோளில் இருப்பதாகச் சொல்லப்பட்ட செல் துண்டை, என்னைச் சந்தித்தவர்களில் அரைவாசிப் பேருக்கு மேல் கண்டுபிடிக்கவில்லை. அதில் ஒருவர் கழுத்து நரம்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுப்போம் என்றார். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடேறலாம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ அருகில் இருந்தால் பெரும் ஆபத்து. இலண்டனில் எழுதிய புத்தகம் இதை இதயத்துக்குப் பொருத்தும் பேஸ்மேக்கரோடு சேர்த்து ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும். இங்கே முப்பது வயதுக்கு மேற்பட்ட எந்த வன்னி நோயாளியிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. "உலோகப் பொருட்கள் ஏதும் உடலில் உண்டா?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். "உடம்பில பீஸ் ஏதும் கிடக்கோ?" என்றால் சட்டையை விலக்கிக் காட்டுவார்கள். கேள்வி ஒன்றுதான், கேட்கும் சொல்லில்தான் வித்தியாசம்.

அடுத்த சுற்று அமர்வுகளுக்குப் புதிய பாத்திரங்கள் எழுதுகிறார்கள். மலையகப் பேச்சு வழக்கில் ஒன்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு ஆண் தொண்டர்கள்தான் போதாது, அதுவும் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட வன்னிக்காரர் வேண்டுமாம். நான் மூன்று பேரைக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர், "டொக்குத்தர்மாருக்குப் பிழை சொல்ல எங்களால ஏலாது பிள்ளை" என்று மறுத்துவிட்டார்கள். மூன்றாமவர் பஸ் காசு தருவார்களா என்று கேட்டார். தருவார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.